ஆழமும் அகவையும்: படிவுகளின் வழிப் பழைய கடல்மட்டம் அறிதல்

ஆய்வுச் சுருக்கம்

படிவு ஒன்றின் காலத்தைக் கணிப்பது வேறு. அக்காலத்துக் கடல்மட்டத்தை அறிவது வேறு. இவ்விரண்டையும் இணைக்கும் படிநிலைகளைப் பூம்புகார்க் கடற்பகுதி, சேலையூர்ப் பகுதி ஏரிகளின் நீர் சென்றடையும் பள்ளிக்கரணைச் சதுப்பு ஆகிய இரண்டையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: கடல்மட்டம், படிவு, கதிரியக்கக் கரிமம், பூம்புகார், பள்ளிக்கரணை.

முன்னுரை

இற்றைக்கு ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை ஆழம் குறைந்ததாதலின் தமிழகமும் இலங்கையும் அக்காலத்தில் நிலத்தால் இணைந்திருந்தன. பனிப்பாளங்கள் உருகியதால் உயர்ந்த கடல், ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கிவிட்டது. இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோள் செய்தியை இவ்வுயர்வோடு இணைத்துப் பேசும் போக்கு தமிழாய்வில் உண்டு. அவ்விணைப்பை மதிப்பிடுவதற்குக் கடல்மட்டக் கணக்கு பெறப்படும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

காலக்கணிப்பு

உயிருள்ளவரை கரிமத்தை ஏற்கும் உயிரி, இறந்தபின் அதனை ஏற்பதில்லை. அதன் உடலிலுள்ள கதிரியக்கக் கரிமம் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றது. எஞ்சிய அளவைக்கொண்டு ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை காலம் கணிக்கலாம். வளிமண்டலக் கரிமத்தின் அளவு காலந்தோறும் மாறியமையால், பெற்ற எண்ணை மரவளையங்கள் முதலியவற்றின் துணையோடு திருத்துதல் வேண்டும். ஆழ்கடலின் பழைய கரிமம் மேல்நீரில் கலப்பதால், கடற்சிப்பிகள் தம் உண்மை அகவையைவிடச் சில நூறு ஆண்டுகள் முதியனவாகத் தோன்றும். அதற்கும் தனித் திருத்தம் உண்டு. உயிர்ப்பொருள் கிட்டாத மணற்படிவுகளில், மணல்துகள் கடைசியாக வெயில்பட்ட காலத்தை ஒளிர்வு முறை காட்டும்.

காலத்திலிருந்து மட்டத்திற்கு

காலம் கிடைத்தவுடன் மட்டம் கிடைத்துவிடுவதில்லை. அலையாத்தி மரங்கள் ஓத எல்லைக்குள் வளர்வன. எனவே, வளர்ந்த இடத்திலேயே புதைந்த அவற்றின் வேர்மண் அக்காலக் கடல்மட்டத்தை நெருக்கமாகச் சுட்டும். அலை ஒதுக்கிய சிப்பியோ கடலின் இருப்பை மட்டுமே உணர்த்தும். உயரத்தை உறுதியாகக் காட்டாது. மேலும், களிமண் தன்மேல் ஏறிய சுமையால் இறுகித் தாழும். நிலமும் உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கலாம். இராமேசுவரத்தில் இன்றைய கடல்மட்டத்திற்கு மேலே நிற்கும் பழைய பவளப்படிவுகளை விளக்கும்போது, கடல் தாழ்ந்ததா, நிலம் உயர்ந்ததா என்னும் வினா எழுவது இதனாலேயே ஆகும்.

பூம்புகார்

1990களின் தொடக்கத்தில் தேசியக் கடலாய்வு நிறுவனம் பூம்புகார்ப் பகுதிக் கடலில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை இலாட வடிவிலான அமைப்பு ஒன்றைக் கண்டறிந்தது. உலகக் கடல்மட்ட வளைகோட்டில் அவ்வாழத்தைப் பொருத்தி, அதற்கு 9,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொன்மை கூறப்பட்டது. இக்கூற்றில் இரு ஊகங்கள் உள்ளன: அது மனிதர் கட்டியது என்பது ஒன்று, அது நிலமாயிருந்த காலத்தில் கட்டப்பட்டது என்பது மற்றொன்று. வளைகோடு தருவது அவ்விடத்தைக் கடல் மூடிய காலத்தின் மதிப்பீடே. அமைப்பின் அகவை அன்று. இதற்கு மாறாக, கீழையூரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட செங்கல் படகுத்துறையின் மரத்தூண் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தப்பட்டு, ஏறத்தாழ பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டினது என அறியப்பட்டது. அங்கே பொருளே தன் காலத்தைக் கூறுகின்றது. முன்னதில் ஆழம் காலமாகக் கொள்ளப்படுகின்றது.

சேலையூரும் பள்ளிக்கரணையும்

ஏரிமட்டத்தைக் கடல்மட்டமாகக் கொள்ளும் பிழையும் நேரலாம். சேலையூர் ஏரி மழைநீரைக் கரைகட்டித் தேக்கியது. அதன் வண்டல் மழையையும் கரையின் உயரத்தையுமே பதிவுசெய்யும். இப்பகுதி ஏரிகளின் மிகைநீர் சென்றடையும் பள்ளிக்கரணைச் சதுப்போ ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் கழிமுகத்தோடு தொடர்புடையது. ஆதலின் அங்கு நன்னீர், உவர்நீர் இரண்டின் தடயங்களும் கலந்து அமையக்கூடும். ஒரு படிவு எந்நீரில் படிந்தது என்பதை அதிலுள்ள டயாட்டம், ஃபொராமினிஃபெரா ஆகிய நுண்ணுயிர்களின் ஓடுகளும் மகரந்தத்துகள்களும் பிரித்துக் காட்டும். உவர்நீர் அடுக்கு என உறுதிப்பட்ட பின்னரே அதன் காலம் கடல்மட்ட ஆய்வுக்குப் பயன்படும். பல்லாவரம் முதல் பெரும்பாக்கம் வரை காணப்படும் சார்னோக்கைட்டுப் பாறை இறுகித் தாழ்வதில்லை. ஆகவே அதன்மேல் நேரடியாகப் படிந்த அடிமண் மாதிரியே, ஆழ்ந்த களியின் இடையடுக்கைவிட நம்பத்தக்கது.

முடிவுரை

கடல்மட்டச் சான்று ஒன்று இடம், உயரம், காலம், படிந்த சூழல் ஆகிய நான்கும் தெரிந்தாலன்றி நிறைவுபெறாது. ஆழத்தை மட்டும் கொண்டு அகவை கூறுவது இலக்கியச் செய்திக்கும் வலுச்சேர்க்காது, நிலவியலுக்கும் பயன்தராது. பள்ளிக்கரணையின் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது; 2022இல் ராம்சார் தகுதியும் கிடைத்தது. எனினும், அதன் பெரும்பரப்பைக் குப்பைக்கிடங்கும் கட்டடங்களும் முன்னரே மூடிவிட்டன. கொட்டிய மண்ணின் சுமை கீழுள்ள களியை இறுக்குகின்றது. அடித்தளத்திற்காகத் தோண்டுதல் அடுக்குகளைக் குலைக்கின்றது. குலைந்த அடுக்கிலும் சிப்பியின் காலத்தைக் கணித்துவிடலாம். அது படிந்த உயரத்தை மீட்க இயலாது. ஆகவே, எஞ்சிய சதுப்பைக் காப்பது வெள்ளத் தடுப்புக்கும் பறவைகளின் வாழ்வுக்கும் மட்டுமன்றி, இக்கரையின் கடல்மட்ட வரலாற்றுக்கும் இன்றியமையாததாகும்.