அம்மாவின் பெங்களூர்

வெளிநாட்டில் குடியிருக்கும் பெண்கள் ஊருக்குக் கிளம்பினால், "பட்டு எடுக்கவா, நகை வாங்கவா?" என்றுதான் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். 2025 ஜூன் மாதம் நான் மஸ்கட்டிலிருந்து பெங்களூருக்குப் புறப்பட்டது இரண்டுக்கும் இல்லை. எழுபத்திரண்டு வயதாகும் என் அம்மா இனிமேல் எங்கே இருப்பது என்று ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது.

அந்த ஏப்ரலில் அம்மா பின்கட்டுத் தொட்டியிலிருந்து வாளியில் தண்ணீர் தூக்கி வரும்போது வழுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. தம்பி போனில், "அக்கா, இனிமே அம்மாவைத் தனியா விடறதா இல்லே. ஒயிட்ஃபீல்டுக்கு என் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு" என்றான். அம்மாவோ, "கை கூடிடும் கண்ணு. இந்த வாசப்படியை விட்டு நான் எங்கேயும் வரலே" என்றாள். மகளுக்குப் பள்ளி விடுமுறை. இரண்டு வீட்டிலும் தங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் அல்சூரில். 2004-ல் கல்யாணமாகி மஸ்கட் போனேன். புகுந்த வீடு வேலூர். லீவில் வந்தால் வேலூரில் இருபது நாள், பெங்களூரில் இரண்டு நாள் என்றுதான் வழக்கம். பெங்களூரில் சேர்ந்தாற்போல் மூன்று வாரம் தங்கியது பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

அல்சூரா, ஹலசூருவா?

நான் போகும்போது விமானம் ஏறியது பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தில். வீட்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். 2008 மே மாதத்தில் அதை விட்டு தேவனஹள்ளிக்குப் போய்விட்டார்கள். இப்போது வந்து இறங்கிய இரண்டாவது முனையத்தைப் பார்த்து மூக்கில் விரலை வைத்தேன். கூரையெல்லாம் மூங்கில், மேலிருந்து தொட்டி தொட்டியாகச் செடிகள் தொங்குகின்றன! ஆனால் அங்கிருந்து அல்சூர் வந்து சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. மஸ்கட்டிலிருந்து பறந்து வந்ததே மூன்று மணி நேரத்துக்குள்தான்.

நாங்கள் அல்சூர் என்று சொல்லியே பழகியவர்கள். மெட்ரோ ரயில் நிலையப் பலகையில் ஹலசூரு. "ஹலசு" என்றால் கன்னடத்தில் பலா. ஒரு காலத்தில் பலாத்தோப்பாக இருந்ததாம். ஊரின் பேரும் 2014 நவம்பரிலிருந்து பெங்களூரு. வெள்ளைக்காரர்கள் 1809-ல் இங்கே தண்டு அமைத்தபோது சிப்பாய்களாகவும், வியாபாரிகளாகவும், கூலியாட்களாகவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். எங்கள் கொள்ளுத்தாத்தா அப்படி ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்தான். சோமேஸ்வரர் கோயிலும், ஏரியும், ஏரிக்கரையில் 2009-ல் திறந்துவைத்த திருவள்ளுவர் சிலையும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. எங்கள் தெருவில் ஓட்டு வீடுகள் பன்னிரண்டு இருந்தன. இப்போது அம்மாவுடையதோடு சேர்த்து மூன்று. மற்றதெல்லாம் நாலு மாடி, ஐந்து மாடி. பகல் பதினோரு மணிக்கே அம்மாவின் முற்றத்தில் நிழல் விழுந்துவிடுகிறது. வடாம் காயவைக்க எதிர்வீட்டு மொட்டை மாடிக்குப் போகவேண்டியிருக்கிறது!

ஏரி போன இடமெல்லாம்

மக்கள்தொகைக் கணக்கைச் சொன்னால் உங்களுக்கே புரியும். 1991-ல் பெங்களூரின் ஜனத்தொகை 41 லட்சம். 2001-ல் 57 லட்சம். 2011-ல் 85 லட்சம். இருபது வருஷத்தில் இரட்டிப்புக்கும் மேல்! 1978-ல் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அஸ்திவாரம் போட்டவர்கள்கூட இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இத்தனை பேருக்கு இடம் எங்கிருந்து வரும்? ஏரிகள்தான் இடம் கொடுத்தன. மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. மிச்சமிருக்கும் ஏரிகளில் சாக்கடையை விட்டால் அவை என்ன செய்யும்? பெல்லந்தூர் ஏரி 2015-ல் நுரை பொங்கி ரோட்டுக்கு வந்தது. 2017-லும் 2018-லும் தீப்பிடித்தே எரிந்தது. தண்ணீர் எரியுமா என்று என் மகள் கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?

தண்ணீர் படுத்தும் பாடு

நாங்கள் இருக்கும் மஸ்கட்டில் வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தாலே பெரிது. கடல்நீரைக் குடிநீராக்கித் தருகிறார்கள். ஆனாலும் எங்கள் வீட்டில் குழாய் நின்ற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெங்களூரில் வருஷத்துக்குத் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை. இங்கே அம்மா வாளி தூக்கி விழுகிறாள்!

காரணம் என்னவென்றால், ஊர் இருப்பது கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில். பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. காவிரித் தண்ணீரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, அரை கிலோமீட்டர் உயரத்துக்குப் பம்பு வைத்து ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். முதல் திட்டம் 1974-ல் வந்தது. ஐந்தாவது 2024 அக்டோபரில். அது எட்டாத இடங்களுக்கு ஆழ்குழாய்க் கிணறுதான் கதி. 2024 கோடையில் ஆயிரக்கணக்கான கிணறுகள் வறண்டன. குடிதண்ணீரில் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அம்மா வீட்டுக் கிணறும் அந்தக் கோடையில்தான் காற்று விட்டது. காவிரிக் குழாய் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் விடியற்காலையில் வரும். பிடித்துத் தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து வாளியில் தூக்கி... விழாமல் என்ன செய்வாள்?

கட்டுப் பிரித்த டாக்டரம்மா ஒரு விஷயம் சொன்னார்கள். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவது வேகமாகும். சாதாரணமாக விழுந்ததற்கே மணிக்கட்டு விரிந்தால் அது எச்சரிக்கை மணி. உடனே எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்து பார்க்கவேண்டும் என்று. அடுத்த விழுகையில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடப்பதே கஷ்டமாகிவிடுமாம். அம்மாவுக்கும் பார்த்தோம், எலும்பு மெலிவு இருக்கிறது. மருந்து ஆரம்பித்தாயிற்று. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ராகி முத்தைக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அரிசிச் சோறே சாப்பிடுவானேன்? இப்போது தினமும் ஒரு வேளை களியோ கூழோ.

பதினான்காவது மாடி

ஒரு வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டில் இருந்தேன். ஒயிட்ஃபீல்டு 1882-ல் ஆங்கிலோ-இந்தியர்களுக்காக ஏற்படுத்திய கிராமம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது திராட்சைத் தோட்டம் பார்க்கப் போவோம். இன்று கண்ணாடிக் கட்டிடங்கள்தான் தோட்டம்.

தம்பி வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லிஃப்ட், காவலாள், கீழேயே மருந்துக்கடை. குழாயைத் திறந்தால் தண்ணீர் (லாரித் தண்ணீரும் கலந்துதான்). தம்பி மனைவி தங்கமான பெண். "அண்ணி, அத்தைக்குன்னு கிழக்கு பாத்த ரூமை ஒழிச்சு வெச்சிருக்கேன்" என்றாள். ஆனால் காலை எட்டரைக்கு இருவரும் வேலைக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வருகிறார்கள். பிள்ளைகள் பள்ளி, அப்புறம் டியூஷன். அம்மா பால்கனியில் உட்கார்ந்து கீழே போகும் கார்களை எண்ணினாள். மூன்றாவது நாள் சாப்பாடு குறைந்தது. ஐந்தாவது நாள் தூக்கம் குறைந்தது. "கண்ணு, இங்கே காத்து நல்லா வருது. ஆனா 'சாப்பிட்டியா'ன்னு கேக்க ஒரு ஆள் இல்லியே" என்றாள்.

அல்சூரில் அம்மாவுக்குக் காலையில் கீரைக்காரம்மா, பத்து மணிக்கு எதிர்வீட்டுக் கன்னடத்துப் பாட்டி, "ஊட்ட ஆய்த்தா?" என்று கேட்டுக்கொண்டே போகும் தபால்காரர், சாயங்காலம் கோயில். ஏப்ரலில் அம்மா விழுந்தபோது சத்தம் கேட்டு ஓடி வந்தது அந்தப் பாட்டியின் மருமகள்தான். தம்பி காரில் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. தனியாக இருப்பது எந்த வீட்டில் என்று நீங்களே சொல்லுங்கள்!

மெட்ரோ செய்த சமாதானம்

இதற்கு வழி காட்டியது மெட்ரோ ரயில்தான். 2011 அக்டோபரில் எம்.ஜி. ரோட்டிலிருந்து பையப்பனஹள்ளி வரை ஓட ஆரம்பித்த ரயில், 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை தடையில்லாமல் போகிறது. ஹலசூருவில் ஏறினால் வண்டி மாறாமல் முக்கால் மணியில் தம்பி வீட்டுப் பக்கம். காரில் போனால் சிக்னலிலேயே பாதி ஆயுசு போய்விடும்.

அம்மாவை முதல் தடவை ஏற்றியபோது நகரும் படிக்கட்டைப் பார்த்துப் பயந்தாள். லிஃப்டில் மேலே போனோம். மூன்றாவது பயணத்தில் என் மகளுக்கே எந்தப் பக்கம் கதவு திறக்கும் என்று சொல்லிக் கொடுத்தாள்! பஸ்ஸில் இன்னும் வேடிக்கை. கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் மாநிலத்துப் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணமில்லை. அம்மா ஆதாரைக் காட்டினாள். பூஜ்யம் போட்ட டிக்கெட். என் ஆதாரில் வேலூர் முகவரி, காசு கொடுத்தேன். "பொறந்த ஊர்லே நீ வெளியூர்க்காரி ஆயிட்டே" என்று அம்மா சிரித்தாள். சிரித்தேன், ஆனால் சுருக்கென்றுதான் இருந்தது.

கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். வீட்டைக் கட்டிடக்காரருக்குக் கொடுக்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை. தொட்டியிலிருந்து சமையலறைக்கும் குளியலறைக்கும் சின்ன மோட்டார் வைத்துக் குழாய் இழுத்தோம். அம்மா இனி வாளி தூக்கவேண்டாம். குளியலறைச் சுவரில் பிடிகம்பி, தரையில் வழுக்காத ஓடு. காலையில் வேலைக்கு ஒரு பெண். வெள்ளி மாலை தம்பி வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் மெட்ரோவில் வந்து அம்மாவை அழைத்துப் போவது, திங்கள் காலை தம்பியே கொண்டுவிடுவது. தம்பிக்கு முழுத் திருப்தி இல்லை. "ஒரு வருஷம் பாப்போம் அக்கா" என்றான். நியாயம்தான். எழுபத்திரண்டு வயது எழுபத்தைந்து ஆகும். அப்போது மறுபடி பேசத்தான் வேண்டும். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று பெங்களூரில் எதற்கெடுத்தாலும் சொல்வார்கள். கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று அர்த்தம். அம்மாவும் தம்பியும் ஆளுக்கொரு பாதி அனுசரித்தார்கள்.

சகோதரிகளுக்குச் சில யோசனைகள்

தூர தேசத்திலிருந்து பெற்றவர்களைப் பார்க்கப் போகும் பெண்களுக்கும், பெரிய ஊரில் புதிதாகக் குடித்தனம் வைக்கும் இளம் தாய்மார்களுக்கும் பயன்படும் என்று இவற்றை எழுதுகிறேன்.

1. லாரித் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்பும் கடினத்தன்மையும் முழுதும் போகாது. குழந்தைக்குப் பால் கலக்குமுன் அந்தத் தண்ணீரை ஒரு தடவை பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். கீழ்த் தொட்டியையும் மேல் தொட்டியையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழுவ வேண்டும்.

2. பெரியவர்கள் வீட்டில் முதலில் பார்க்கவேண்டியது குளியலறையை. பிடிகம்பி, ராத்திரி விளக்கு, வழுக்காத தரை மூன்றும் அவசியம். இவற்றுக்கு ஆகும் செலவு ஓர் ஆபரேஷன் செலவில் ஒரு துளிதான்.

3. ஐம்பது வயதுக்கு மேல் சும்மா விழுந்து எலும்பு விரிந்தால் "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். எலும்பு அடர்த்தியைப் பாருங்கள்.

4. குப்பையை ஈரம், உலர்ந்தது, சானிட்டரி என்று மூன்றாகப் பிரியுங்கள். நாப்கினையும் குழந்தையின் டயப்பரையும் காகிதத்தில் சுற்றிச் சிவப்புக் குறி போட்டுத் தனியே கொடுப்பது பெங்களூர் வழக்கம். எடுப்பவளும் ஒரு பெண்தானே!

5. பெற்றவர்களை வீடு மாற்றுமுன் அந்த வீட்டில் ஒரு வாரமாவது அவர்களோடு பகல் முழுக்க இருந்து பாருங்கள். ராத்திரி தங்கினால் மட்டும் எதுவும் தெரியாது.

6. பக்கத்து வீட்டார் இருவருடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது பேரீச்சம்பழப் பெட்டி அவர்களுக்கும் ஒன்று எடுத்துப் போங்கள். ஆபத்துக்கு முதலில் ஓடி வருவது அவர்கள்தான்.