வெள்ளக்கடையும் வௌ்ளக்கடையும்

ரெண்டு பெயரையும் இன்னொரு தடவை பாருங்க. முதலாவது எங்க ஊர். ஏற்காடு மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கு. இரண்டாவது எந்த மேப்பிலும் இல்லை. ஆனால் நான் ஓர் இணைய இதழுக்கு அனுப்பிய கதையில் பத்தொன்பது இடத்தில் அந்த இரண்டாவது ஊர்தான் இருந்தது.

நடந்தது இதுதான். போன செமஸ்டர் லீவில் எங்க ஆயா ஒரு ராத்திரி கதை சொன்னாங்க. அவங்க சின்ன வயசில் காப்பிக் களத்தில் காவலுக்குப் படுத்திருந்தப்போ காட்டெருமை ஒண்ணு களத்துக்குள் வந்து, காயப்போட்ட காப்பிக்கொட்டை மேலேயே விடியும் வரை நின்னுச்சாம். அதை எழுதணும்னு தோணிச்சு. எனக்கு எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவேன், படிப்பேன், டைப் பண்ணச் சொன்னால் கை நடுங்கும். அதனால் நோட்டில் எழுதி, சேலத்தில் ஒரு டிடிபி கடையில் கொடுத்து டைப் அடித்து வாங்கினேன். வேர்டு ஃபைல். திறந்து பார்த்தால் அழகான தமிழ். ஒரு தன்னார்வ இதழுக்கு உடனே அனுப்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்து ரெண்டு வரியில் பதில் வந்தது. கோப்பில் தமிழ் இல்லை, ஆங்கில எழுத்துகள்தான் தெரிகின்றன, யூனிகோடில் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். எனக்குப் புரியவில்லை. என் லேப்டாப்பில் தமிழாகத்தானே தெரிந்தது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களே நம்மில் பாதிப் பேர் இதைக் கவனித்திருக்க மாட்டோம்.

பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் உண்மையில் தமிழ் எழுத்தே கிடையாது. ஃபைலுக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. எழுத்துரு அதன் மேல் தமிழ் முகமூடியை மாட்டுகிறது. பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க நீங்கள் தட்டுவது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் முகமூடி கழன்று அந்த ஐந்தும் அப்படியே தெரியும். யூனிகோடு அப்படி இல்லை. 1991-இல் அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் கொடுத்துவிட்டார்கள். 'த' என்றால் உலகத்தில் எந்தக் கருவியிலும் அதே எண், அதே 'த'. கூகுள் தேடுவதும் அதைத்தான், கண் தெரியாதவர்களுக்கு மென்பொருள் வாசித்துக் காட்டுவதும் அதைத்தான்.

அச்சுக்குப் பழைய எழுத்துரு போதும், பேப்பரில் முகமூடி கழலாது. அதனால்தான் டிடிபி கடைகளில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் மேல் தப்பில்லை, எந்த எழுத்துருவில் வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே.

சரி, மாற்றிவிடலாம் என்று இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் கதையைப் போட்டேன். என்.எச்.எம். கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் என்று இதற்குப் பல கருவிகள் இருக்கின்றன. நான் எடுத்தது ஏதோ ஒன்று, பெயர்கூட ஞாபகமில்லை. ஒரே நொடியில் யூனிகோடு. படித்தே பார்க்காமல் மறுபடி அனுப்பினேன். இங்கேதான் ஊர் பெயர் மாறிப்போச்சு.

காரணம் ரொம்பச் சுவாரசியமானது. 'கௌ' என்ற எழுத்தின் கடைசியில் வரும் குறியும் 'ள' என்ற எழுத்தும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பாமினியில் இரண்டுக்கும் ஒரே விசை, ஆங்கில எஸ். அப்படியானால் கொம்பு, 'வ', எஸ் என்று வரிசையாக வந்தால் அது 'வௌ'வா, 'வெள'வா? மனிதனுக்கு அடுத்த எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். மோசமாக எழுதிய மாற்றிக்குத் தெரியாது. அது 'வௌ' என்று முடிவுகட்டி, மிச்சமிருக்கும் புள்ளியைப் பின்னால் ஒட்டிவிடும். வெள்ளம், வெள்ளி, வெள்ளரி எல்லாம் இப்படித்தான் உடையும். இணையத்தில் கவனித்துப் பாருங்கள், எத்தனை பழைய பக்கங்களில் இந்த 'வௌ்' கிடக்கிறது என்று. கண்ணுக்குச் சட்டென்று தப்பு தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்காது. 'வெள்ளக்கடை' என்று தேடுகிற ஒருவருக்கும் ஆயா கதை போய்ச் சேராது. வெள்ளக்கடையில் நடக்கும் கதை இணையத்தில் அவ்வளவாக இல்லை. இருந்திருக்க வேண்டிய ஒன்றையும் நான் ஒளித்துவைக்கப் பார்த்திருக்கிறேன்.

இதே குடும்பத்தில் இன்னும் சில பேர் உண்டு. 'எ' என்று நினைத்து அடித்தது தமிழ் எண் ஏழாக (௭) இருக்கும். துணைக்கால் வரவேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும். 'கௌதம்' என்பதை க, கொம்பு, ள என்று அடித்து 'கெளதம்' ஆக்கியிருப்பார்கள். 'கொ'வை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே இருக்காது. ப்ரோக்ராம் எழுதத் தெரிந்தவர்கள் பைத்தானில் யூனிகோட்டேட்டா வைத்து என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றினால் இந்தக் கடைசிச் சிக்கல் ஒரே வரியில் தீரும். மற்றதுக்கெல்லாம் கண்தான்.

இதையெல்லாம் அந்த இதழ்க்காரர்களே திருத்திக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் முனகினேன். அப்புறம் இந்தத் தளங்கள் எப்படி நடக்கின்றன என்று தேடிப் படித்தேன். திண்ணை 1999-இலிருந்து வருகிறது, சொல்வனம் 2009-இலிருந்து. கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுத்து, திருத்தி, தளத்தில் ஏற்றும் வேலைகளைச் செய்பவர்கள் வேறு வேலையில் சம்பாதிப்பவர்கள். ஆபீஸ் முடிந்து வந்து இதைச் செய்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இன்னும் பெரிய உதாரணம். பழைய இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, வேறொருவர் பிழை பார்த்து ஏற்றினார்கள். டிஸ்கி என்ற பழைய குறிமுறையில் இருந்தவற்றைப் பிறகு யூனிகோடுக்கு மாற்றும் வேலையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. என் ஃபைலில் இருக்கும் ஒவ்வொரு 'வௌ்'ளும் இப்படி யாரோ ஒருவருடைய ராத்திரியில் அரை நிமிஷம். பத்தொன்பது இடம். அதே ராத்திரியில் வரிசையில் இன்னும் எத்தனையோ பேருடைய கதைகள்.

ஆகவே அனுப்பும் முன் நான் இப்போ என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். போன் விசைப்பலகையிலேயே அடிக்கிறேன், அது எப்போதும் யூனிகோடுதான். குரல்வழித் தட்டச்சும் கைகொடுக்கும், ஆனால் நிறுத்தற்குறி போடாது. ஆயா பேச்சைக் கொடுத்தால் அது தனக்குத் தெரிந்த வேறு வார்த்தையாக மாற்றிவிடும், அதனால் உரையாடல்களை மட்டும் கையால் அடிப்பேன். முடித்ததும் நீச்சல்காரன் உருவாக்கிய வாணி பிழைதிருத்தியிலும், சந்திப் பிழைக்கு நாவியிலும் ஒரு தடவை போடுவேன். அவை சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்க வேண்டாம். 'நின்னுச்சு' என்பதைக் கருவி பிழை என்று காட்டலாம். ஆயா அப்படித்தான் சொன்னாங்க, அது அப்படியேதான் இருக்கும்.

அப்புறம் சத்தமாகப் படிக்க வேண்டும். ஆயாவுக்கே படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தி, "களத்துல அப்போ ஏது சிமெண்டு? சாணி மொழுகின தரை" என்றார்கள். எந்தப் பிழைதிருத்தியும் இதைக் கண்டுபிடித்திருக்காது.

ஃபைல் விஷயத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. தளம் கேட்கும் வடிவத்தில் அனுப்புங்கள், கேட்காவிட்டால் வேர்டு ஆவணம். பிடிஎஃப் வேண்டாம், அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் எழுத்துகள் இடம் மாறிச் சிதறும். நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பவே அனுப்பாதீர்கள். பத்தி ஆரம்பத்தில் ஸ்பேஸ் தட்டித் தள்ளுவது வீண், வலைப்பக்கம் அதை விழுங்கிவிடும். ஃபைல் பெயர் 'கதை ஃபைனல் புதுசு 2' என்று இருந்தால் அவர்களுடைய ஃபோல்டரில் அதே பெயரில் பத்து கிடக்கும். கதைத் தலைப்பும் உங்கள் பெயரும் போதும். கூகுளில் எடுத்த படத்தைக் கதையோடு சேர்க்காதீர்கள், அது யாருடையது என்ற கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது அந்தத் தன்னார்வலர்.

உரிமை விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். எழுதி முடித்த நொடியிலேயே கதை சட்டப்படி உங்களுடையது, பதிவு எதுவும் தேவையில்லை. 1957 காப்புரிமைச் சட்டப்படி எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நிற்கும். பெரும்பாலான இதழ்கள் வேறெங்கும் வெளிவராத கதையைத்தான் கேட்கின்றன. நம்ம டிப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று இதழுக்கு இதழ் மாறும், மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் நாலு இடத்துக்கு அனுப்புவது அசிங்கம். மூன்று பேர் சும்மா படித்திருப்பார்கள்.

நிறையக் கதைகள் சேர்ந்து தொகுப்பாகிவிட்டால் 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் இருக்கிறது. அங்கேயும் தன்னார்வலர்கள்தான் உங்கள் உரையை இபப், மோபி, பிடிஎஃப் என்று மாற்றித் தருகிறார்கள். ஆனால் அங்கே நூலை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்க வேண்டும். யாரும் இலவசமாக இறக்கலாம், பகிரலாம். எந்த வகை உரிமம் என்பதைப் பொறுத்து மாற்றி எழுதவும், விற்கவும்கூட அனுமதி ஆகிவிடும். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. என் கதையென்றால் யோசிக்காமல் கொடுத்திருப்பேன். இது ஆயா கதை. உட்கார்ந்து விளக்கிக் கேட்டேன். "காசு வாங்காம எல்லாரும் படிக்கட்டும். ஆனா வேற ஊரு பேரப் போட்டு எழுதக் கூடாது" என்றார்கள். மாற்றக் கூடாது என்ற நிபந்தனைக்கு அதில் தனி உரிமமே இருக்கிறது. தொகுப்பு வரும் நாளில் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கதை இப்போ மூன்றாவது தடவையாகப் போயிருக்கிறது, சாணி மொழுகின தரையோடு. முதலில் பதில் எழுதிய அதே ஆசிரியர் கிடைத்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எடுப்பார்களா என்று தெரியாது. தளத்தில் எழுதியிருக்கும் கால அளவு முடியும்வரை நினைவூட்டல் மெயில் அனுப்பப் போவதில்லை.

பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ கதை வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை மதியம் மூணு மணிக்கு மேல் நம்ம லேபுக்கு பென் டிரைவோடு வாங்க, உட்கார்ந்து மாற்றித் தருகிறேன். பிரிண்ட் அவுட் வேண்டாம், ஃபைல் வேணும். ஊர் பெயரில் 'வெள்' இருப்பவர்களுக்கு முன்னுரிமை.