பரணேறும் வண்ணப்பெட்டி

தேர்வு நெருங்கிவிட்டால் பெங்களூரு காக்ஸ் டவுன் தமிழ் வீடுகளிலும் முதலில் பரணேறுவது பிள்ளைகளின் வண்ணப்பெட்டிதான். 'நெருக்கடி நேரத்தில் இதெல்லாம் எதற்கு?' என்பது பெற்றோரின் வாதம்.

மட்டக்களப்பின் அனுபவம் வேறு. போர் நடந்துகொண்டிருந்த 1996இல், கனடா ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ், முஸ்லிம் குழந்தைகள் அங்கு சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள். வாயால் சொல்ல முடியாததைக் கை சொன்னது.

சொல்லிவிடுவதில் பலன் உண்டா? அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 15 நிமிடம் வீதம் நான்கு நாள் தங்கள் வேதனையை எழுதிய மாணவர்களுக்கு அப்போது மனம் கனத்தது. ஆனால், அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடியது மற்றவர்களைவிடக் குறைவு.

படைப்பு சிகிச்சைக்கு மாற்றல்ல. தூக்கம் கெட்டு, வாழ்வே வெறுத்துப் பேசும் பிள்ளைக்கு உடனடி உதவி தேவை. 2022இல் தொடங்கிய இலவச டெலி மானஸ் சேவையின் எண் 14416. அதற்கு வழிகாட்டுவது இதே பெங்களூரின் நிம்ஹான்ஸ்.

மற்ற நாட்களில் பெற்றோர் செய்யவேண்டியது எளிது: படத்தைத் திருத்தாமல், 'இது என்ன, சொல்லேன்' என்று கேட்பது.