வீட்டுக்குத் துணி உலர்த்தும் இயந்திரம் தேவையா?

(உயர்நிலை 3, 4 மாணவர்களுக்கான வாசிப்புப் பகுதியும் கருத்து விளக்கக் கட்டுரைக்கான குறிப்புகளும்)



ஜனவரி மாத அடைமழையில் ஒருநாள், மின்சாரச் சிக்கனம் பற்றி மாணவர்கள் எழுதிய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவர் இப்படி எழுதியிருந்தார்: "டிரையர் சோம்பேறிகளுக்கான இயந்திரம். சிங்கப்பூரில் வெயிலுக்கா பஞ்சம்?" எனக்குப் பிடித்துப்போனது. ஓரத்தில் 'நல்ல வாதம்' என்று எழுதி, மறுநாள் வகுப்பிலும் படித்துக் காட்டினேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார்: "டீச்சர், உங்க வீட்டுல துணி யாரு காயப்போடுறாங்க?"

"எங்கம்மா" என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு வயது 68. தோள்பட்டை வலி உண்டு. எங்கள் வீவக வீட்டின் பதினோராம் மாடிச் சமையலறை ஜன்னல் வழியாக, ஈரத்துணி கோத்த மூங்கில் கழியை வெளியே நீட்டிக் குழாய்க்குள் செருகுவது அவர்தான். சோம்பேறி என்ற சொல்லைப் பாராட்டிய நான், அந்தக் கழியைத் தூக்கிப் பல மாதமாகியிருந்தது. அன்றைக்குத்தான் இந்த விஷயத்தை ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நீங்களும் கூடவே கணக்குப் போடுங்கள்.

துணி எப்படிக் காய்கிறது?

துணியில் இருக்கும் நீர் ஆவியாக வேண்டும். அந்த ஆவியைச் சுற்றியுள்ள காற்று வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் நடந்தால்தான் துணி காயும். வெப்பம் மட்டும் இருந்தால் போதாது.

சிங்கப்பூரில் வெப்பத்துக்குக் குறைவில்லை. ஆனால் இங்குள்ள காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைய இருக்கிறது. விடியற்காலையில் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 விழுக்காட்டளவுக்கு இறங்கும். காலை ஏழு மணிக்குப் போட்ட துணி பதினொரு மணிவரை அப்படியே இருந்து, பிறகு மளமளவென்று காய்வது இதனால்தான். ஆண்டில் ஏறக்குறைய 170 நாள் மழை பெய்யும் ஊர் இது. "வெயிலுக்கா பஞ்சம்?" என்ற கேள்விக்கு "சில நாள் பஞ்சம்தான்" என்பதே சரியான பதில்.

நீண்ட நேரம் ஈரமாகவே கிடக்கும் துணியில் நுண்கிருமிகள் பெருகும். மழைக்காலத்துச் சட்டையில் வரும் அந்த ஈரநாற்றம் அவற்றின் வேலை. எத்தனை முறை துவைத்தோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் காயவைத்தோம் என்பதே இங்கே முக்கியம்.

இயந்திரம் என்ன செய்கிறது?

ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.65 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். இது இயற்பியல் விதி. எந்த நிறுவனமும் இதில் தள்ளுபடி தர முடியாது! 7 கிலோ பருத்தித் துணியைச் சலவை இயந்திரம் நன்றாகப் பிழிந்த பிறகும் சுமார் மூன்றரை லிட்டர் நீர் அதில் தங்கியிருக்கும். அதை ஆவியாக்க மட்டும் 2.3 யூனிட் தேவை.

சாதாரண டிரையர், மின்சாரத்தால் காற்றைச் சூடாக்கித் துணிக்குள் செலுத்துகிறது. சில வகைகள் அந்த ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே விடுகின்றன; சில வகைகள் அதைக் குளிர்வித்து நீராக்கித் தொட்டியில் சேர்க்கின்றன. இரண்டிலும் வெப்பத்தில் ஒரு பகுதி வீணாகிறது. அதனால் ஒரு முறைக்கு ஏறத்தாழ 4 யூனிட் செலவாகும்.

வெப்ப விசையியக்கி, அதாவது 'ஹீட் பம்ப்' வகை வேறு மாதிரி. குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் அதே நுட்பம்தான். ஆவி மீண்டும் நீராகும்போது வெளியிடும் வெப்பத்தைப் பிடித்து, அதைக்கொண்டே அடுத்த சுற்றுக் காற்றைச் சூடாக்குகிறது. ஒரே வெப்பம் திரும்பத் திரும்பப் பயன்படுவதால் 2 யூனிட் அளவில் வேலை முடிந்துவிடும். ஆனால் விலை அதிகம். நேரமும் கூடுதலாகப் பிடிக்கும்.

துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றாக உள்ள இயந்திரத்தை வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள். துவைக்கும் அளவு முழுவதையும் அது ஒரே தடவையில் உலர்த்தாது. பாதியோ, மூன்றில் இரண்டு பங்கோதான் உலர்த்தும். முழுக்கத் திணித்தால் துணி கசங்கி, ஈரமாகவே வெளியே வரும்.

கணக்குப் போடுவோம்

ஒரு யூனிட் மின்சாரம் 30 காசு என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று முறை உலர்த்தினால் ஆண்டுக்கு 156 முறை.

சாதாரண வகை: 156 × 4 = 624 யூனிட். செலவு சுமார் 187 வெள்ளி.
ஹீட் பம்ப் வகை: 156 × 2 = 312 யூனிட். செலவு சுமார் 94 வெள்ளி.
ஹீட் பம்ப், வாரம் ஒரு முறை மட்டும்: 104 யூனிட். செலவு சுமார் 31 வெள்ளி.
கம்பியிலோ கழியிலோ காயப்போட்டால்: மின்கட்டணம் இல்லை.

சிங்கப்பூரின் மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. ஆக, முதல் கணக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 250 கிலோ. மூன்றாவது கணக்கில் 42 கிலோ. இரண்டு வீட்டிலும் டிரையர் இருக்கிறது. ஆனால் ஒரு வீடு வெளியிடுவதில் ஆறில் ஒரு பங்கைத்தான் மற்றது வெளியிடுகிறது. 'இருக்கிறதா, இல்லையா' என்பதைவிட 'எந்த வகை, எத்தனை முறை' என்பதே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

கடையில் பார்க்கும்போது ஆற்றல் முத்திரையைப் படிக்க மறக்காதீர்கள். துணி உலர்த்தும் இயந்திரங்களுக்கு இந்த முத்திரை 2009ஆம் ஆண்டு முதல் இங்கே கட்டாயம். 'டிக்' குறி கூடக்கூட மின்செலவு குறையும்.

ரசீதில் வராத செலவு

மேலே 'மின்கட்டணம் இல்லை' என்று எழுதினேன். செலவே இல்லை என்று எழுதவில்லை. அங்கேதான் என் மாணவியின் கேள்வி வந்து நிற்கிறது.

ஐந்து கிலோ ஈரத்துணியை உடம்போடு அணைத்துத் தூக்குவது எளிது. அதையே மூன்று மீட்டர் கழியில் கோத்து, ஒரு முனையை மட்டும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். எடையின் மையம் கையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறது. நெம்புகோல் பாடத்தில் நீங்கள் படித்ததுதான். தூரம் கூடக்கூடச் சுமையும் கூடும். அந்தச் சுமை முழுவதும் தோளிலும் மணிக்கட்டிலும் இறங்குகிறது. அதோடு ஜன்னலுக்கு வெளியே சாய வேண்டும். மழை வந்தால் ஓடிப்போய் எல்லாவற்றையும் திரும்ப இழுக்க வேண்டும்.

வீட்டில் இந்த வேலையை யார் செய்கிறார்கள்? பல வீடுகளில் பாட்டி, அம்மா, அல்லது பணிப்பெண். மின்கட்டண ரசீது மாதாமாதம் வருவதால் டிரையரின் செலவு நம் கண்ணில் படுகிறது. தோள்வலிக்கு யாரும் ரசீது அனுப்புவதில்லை. அதனால் அதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

புகைமூட்ட நாள்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2013 ஜூன் 21ஆம் தேதி இங்கே காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. அத்தகைய நாளில் வெளியே காயப்போடும் துணி புகையின் வாடையோடுதான் உள்ளே வரும்.

எதைப் போடக்கூடாது?

பட்டு, கம்பளி, சரிகை வேட்டி, இழுபட்டு நீளும் விளையாட்டு உடை ஆகியவற்றை இயந்திரத்தில் போடாதீர்கள். வெப்பம் அவற்றைக் கெடுக்கும். பருத்தி உடைகள் சற்றுச் சுருங்கலாம். ஒவ்வொரு முறை உலர்த்தும்போதும் வடிகட்டியில் சேரும் பஞ்சு, உங்கள் துணியிலிருந்து உதிர்ந்த இழைதான். அது எளிதில் தீப்பற்றும். ஆகவே ஒவ்வொரு முறையும் வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும்.

நம் வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை. எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தலை துவட்டிய துண்டு, சமையல் எண்ணெய் துடைத்த துணி, இவற்றை டிரையரில் போடவே கூடாது. துவைத்த பிறகும் துணியில் எண்ணெய் தங்கியிருக்கலாம். அது சூட்டில் காற்றோடு வினைபுரிந்து தானாகவே தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. தீபாவளிக் காலையில் இதை மறந்துவிடாதீர்கள்.

இடையில் இருக்கும் வழிகள்

டிரையர், மூங்கில் கழி இரண்டை விட்டால் வேறு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

முதலாவது, சலவை இயந்திரத்தின் பிழியும் வேகத்தைக் கூட்டுவது. நீரைச் சூடாக்கி விரட்டுவதைவிடச் சுழற்றி விரட்டுவதற்கு ஆகும் மின்சாரம் மிகக் குறைவு.

இரண்டாவது, ஜன்னலோரம் ஒரு ஸ்டாண்டும் மின்விசிறியும். 50 வாட் விசிறி ஆறு மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட், அதாவது ஒன்பது காசு. துணிக்கும் துணிக்கும் இடைவெளி விடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பூட்டிய படுக்கையறையில் காயப்போட்டால் ஈரம் சுவரில் ஏறிப் பூஞ்சை பிடிக்கும்.

மூன்றாவது, அடைமழை வாரங்களில் மட்டும் தானியங்கிச் சலவைக் கடைக்குப் போவது. மலேசிய நண்பர்களுக்கு 'டோபி' கடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில்

அம்மாவிடம் பேச்செடுத்தபோது, "அதெல்லாம் எதுக்கும்மா? வெயில்ல காஞ்ச மணம் அதுல வருமா?" என்றார். நியாயமான கேள்வி. வராதுதான். இரண்டு வாரம் பேசிப் பேசி, ஹீட் பம்ப் வகை ஒன்றை வாங்கினோம். போர்வை, துண்டு, ஜீன்ஸ் போன்ற கனமானவை அதில். வாரம் ஒருமுறைதான் ஓடுகிறது. சட்டைகளும் சீருடைகளும் ஸ்டாண்டில் காய்கின்றன. அவற்றைக் காயப்போடுவது இப்போது என் வேலை. அம்மா தன் கைத்தறிப் புடவையை மட்டும் இன்னும் கழியில்தான் போடுகிறார். "அது ஒண்ணுதானே, கனமில்ல" என்கிறார். அதில் நான் தலையிடுவதில்லை.

தேர்வில் எழுதும்போது

மாணவர்களே, இத்தகைய தலைப்புக்கு 'மூன்று நன்மை, மூன்று தீமை, முடிவுரை' என்று எழுதிவிட்டு, "எதையும் அளவோடு பயன்படுத்த வேண்டும்" என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. அதில் உங்கள் நிலைப்பாடு என்ன என்று எனக்குத் தெரியவில்லையே! யாருக்கு, எப்போது, எந்த அளவில் என்று நிபந்தனையோடு எழுதுங்கள்.

வலுவற்ற வாக்கியம்: டிரையர் மின்சாரத்தை வீணாக்கும், ஆகவே அது தேவையில்லை.

வலுவான வாக்கியம்: ஆரோக்கியமான இளையர் இருக்கும் வீட்டில் ஸ்டாண்டும் விசிறியும் போதும், முதியவர் தனியாக வேலை செய்யும் வீட்டில் மின்சிக்கனமான டிரையரை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

இரண்டாவதை எதிர்த்து வாதாடவும் முடியும். ஒரு கருத்து தெளிவாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

'சோம்பேறி' போன்ற சொல்லை எழுதுவதற்குமுன் ஒருமுறை யோசியுங்கள். அது யாரைக் குறிக்கிறது? அவருடைய வேலையை நீங்கள் ஒரு வாரம் செய்து பார்த்திருக்கிறீர்களா? அதைப் பாராட்டிய ஆசிரியர் என்ற முறையில் இந்தத் திருத்தம் எனக்கும் சேர்த்துத்தான்.

சொல்வளம்

ஒப்பு ஈரப்பதம் – காற்று தாங்கக்கூடிய நீராவியில் எவ்வளவு இருக்கிறது என்பதன் விழுக்காடு
ஆவியாதல் – நீர் ஆவியாக மாறுதல்
நிலைப்பாடு – ஒரு சிக்கலில் ஒருவர் எடுக்கும் முடிவான கருத்து
நிபந்தனை – ஒன்று பொருந்துவதற்கு நிறைவேற வேண்டிய கட்டுப்பாடு

கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் துணி காயப்போடுவது யார்? ஒரு வாரம் அந்த வேலையை நீங்கள் செய்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு வந்து வகுப்பில் பகிருங்கள்.
2. மேலே உள்ள கணக்கில் ஒரு யூனிட்டின் விலையை உங்கள் வீட்டு ரசீதில் உள்ளபடி மாற்றிப் போட்டுப் பாருங்கள். உங்கள் முடிவு மாறுகிறதா?
3. ரசீதில் வராத செலவு உள்ள வேறு வீட்டு வேலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பத்திகளில் எழுதுங்கள்.