பச்சை வயர் எங்கே போய் முடிகிறது?

கோவையில் மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி கீசரைப் பற்றித்தான். "தண்ணி சூடாகலீங்க" என்றால் மறுநாள் போவேன். "பைப்பைத் தொட்டா சுருக்குங்குதுங்க" என்றால் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்புவேன். அதற்கு முன் போனிலேயே சொல்லிவிடுவேன்: மெயினை ஆஃப் பண்ணுங்க, நான் வர்ற வரைக்கும் அந்தக் குளியலறைக்குள்ள யாரும் போகவேண்டாம்.

சரவணம்பட்டிப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து அப்படி ஒரு போன் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாக இருப்பவர். "ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியறதில்லைங்க தம்பி, அப்படியே சமாளிச்சுட்டேன்" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். தீபாவளியிலிருந்து என்றார். எனக்கு உடம்பு பதறிவிட்டது. ஈரத்தில் மனித உடம்பின் மின்தடை வெகுவாகக் குறைந்துவிடும். செருப்புக் காலோடு நின்றாலும், இன்னொரு கை ஈரச் சுவரில் பட்டால் போதும்.

கீசரில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஐஎஸ்ஐ முத்திரை, நட்சத்திர லேபிள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அங்கே குடிக்க நல்ல தண்ணீர் வந்தாலும் குளிக்கப் போர் தண்ணிதான். அந்த உப்பு காயிலில் படிந்து, உறை வெடித்து, கரண்ட் டேங்குக்கு இறங்கியிருந்தது. உப்புத் தண்ணீர் ஊரில் இது எந்தக் கீசருக்கும் ஒருநாள் நடக்கும். நடக்கும் என்று தெரிந்துதான் பிளக்கில் மூன்றாவது பின்னை வைத்திருக்கிறார்கள். டேங்குக்கு வந்த கரண்ட் அந்த எர்த் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன்; பச்சை வயர் இருந்தது. டிபி பாக்ஸைத் திறந்தால், அதே பச்சை வயரின் மறுமுனை எதிலும் மாட்டாமல் சுருட்டி உள்ளே திணிக்கப்பட்டிருந்தது.

வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் இது தெரியாது. டெஸ்டர் வைத்துப் பார்த்தாலும் எர்த் சரியாக இருக்கிறதா என்று சொல்லாது. சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் பிடிக்க வேண்டும். எர்த் உயிரோடு இருந்தால் பல்பு நன்றாக எரியும், அல்லது கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி உடனே விழும். மங்கலாக எரிந்தாலோ எரியாமலே இருந்தாலோ கீசரை மாட்டக் கூடாது. நீங்கள் செய்ய வேண்டாம். வயர்மேனைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். சில இடங்களில் நியூட்ரலையே எர்த் பின்னோடு லூப் போட்டு வைத்திருப்பார்கள். அப்போதும் பல்பு எரியும். எனவே சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அந்த லூப் இருக்கிற வீட்டில் நியூட்ரல் எங்காவது அறுந்தால், டேங்கில் 230 வோல்ட் வந்து நிற்கும்.

எம்சிபி இருக்கிறதே என்பார்கள். அது வயரைக் காப்பாற்றுவதற்கு. ஆளைக் கொல்லும் கரண்ட் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. 16 ஆம்ஸ் எம்சிபி அந்த அளவைத் தாண்டினால்தான் கவனிக்கும். ஆளுக்கான காவல் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் அந்த அளவுக்கு வேறுபட்டால் நொடியின் சிறு பங்குக்குள் துண்டித்துவிடும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். டீச்சரம்மா வீட்டில் அந்தக் கருவியே இல்லை.

பிறகு கீசரின் அடியில் பார்த்தேன். குளிர்ந்த தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு வால்வு இருக்கும், அதில் சின்னதாக ஒரு வாய். அதை டெஃப்லான் டேப் சுற்றி என்ட் பிளக் போட்டு இறுக்கியிருந்தார்கள். "ஒழுகிட்டே இருந்துச்சு, பிளம்பர் தம்பி அடைச்சுக் குடுத்தாருங்க" என்றார். அது ஒழுகத்தான் வேண்டும். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 400 மில்லி விரியும். வால்வு ஒருவழிப் பாதை என்பதால் அது மாடித் தொட்டிக்குத் திரும்ப முடியாது. அந்த வாய் வழியாகத்தான் சொட்டும். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் சேர்ந்து பழுதாகிவிட்டால் மிஞ்சுகிற காவலும் அதுதான். நூறு டிகிரிக்கு மேல் போன தண்ணீர் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும்போது டேங்க் பிளந்தால், அதில் ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாகும். ஆவிக்குத் தண்ணீரைவிட ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். குளியலறைச் சுவர் தாங்காது. சொட்டு தொந்தரவாக இருந்தால் ஒரு சின்னக் குழாயை மாட்டித் தரை வடிகாலுக்கு இறக்கிவிடலாம். அந்தக் குழாயின் முனை திறந்தே இருக்க வேண்டும்.

மற்றவை இதே குடும்பத்துக் குறைகள். 2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்ஸ் இழுக்கும். அங்கே லைட் லைனிலிருந்து ஒரு எம்எம் வயரை இழுத்துக் கொடுத்திருந்தார்கள். ரெண்டரை எம்எம் வயரில் தனி லைன் வேண்டும். 3000 வாட் என்றால் நாலு எம்எம். வெந்நீருக்கு சிபிவிசி குழாய் போடாமல் சாதாரண பிவிசி போட்டிருந்ததால் வளைவில் குழாய் இளகித் தொங்கியது. தண்ணீர் நிரம்பிய 25 லிட்டர் கீசர் 35 கிலோ கனக்கும். ஏஏசி பிளாக் சுவரில் சாதாரண ராவல் பிளக் அதை நெடுநாள் பிடிக்காது.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, வாசமில்லை, மயங்கியவர் எழுந்து கதவைத் திறக்க மாட்டார். அதைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் மாட்டுங்கள்.

எர்த்துக்கு ஐஎஸ் 3043, வயரிங்குக்கு ஐஎஸ் 732, இவற்றுக்கு மேல் தேசிய மின் விதித்தொகுப்பு என எழுதிவைக்க வேண்டியதெல்லாம் எழுதியாகிவிட்டது. மின் வேலை செய்பவருக்கு மின் உரிம வாரியத்தின் சான்று வேண்டும் என்பதும் நடைமுறைதான். புது இணைப்பு வாங்கும்போது ஒப்பந்ததாரர் சோதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். குடிவந்து இரண்டு வருடம் கழித்துக் கீசர் மாட்டும்போது யாரும் எதையும் கேட்பதில்லை. கம்பெனி ஆள் சுவரில் மாட்டிவிட்டுப் போவார், பிளம்பர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவார், எலக்ட்ரீஷியன் பிளக் வைத்துவிட்டுப் போவார். மூவரும் தங்கள் பங்கைத்தான் பார்ப்பார்கள். எர்த்தும் வால்வின் வாயும் யார் பங்கிலும் வராமல் விட்டுப்போகும். ஆகவே கடைசியாகக் காசு வாங்குகிறவரிடம் டெஸ்ட் லாம்ப் சோதனையைக் கேளுங்கள். வால்வின் வாய் திறந்திருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

டீச்சரம்மா வீட்டில் காயில் மாற்றி, தனி லைன் இழுத்து, ஆர்சிசிபி வைத்து, எர்த்தை மாட்டிய பிறகும் டெஸ்ட் லாம்ப் மங்கலாகவே எரிந்தது. கீழே மீட்டர் போர்டுக்குப் போய்ப் பார்த்தேன். எர்த் குழியிலிருந்து வரும் ஜிஐ பட்டை துருப்பிடித்து அறுந்திருந்தது. அதாவது அந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டுக்கும் எர்த் இல்லை. சங்கச் செயலாளரை அழைத்து, மாடி மாடியாக எல்லா வீட்டுக் கீசர் பிளக்கையும் பிடுங்கச் சொன்னேன். மறுநாள் காலையில் புதுக் குழி தோண்ட ஆள் வந்தது.