ஏட்டுச் சங்கிலியும் ஆலைப் புகையும்

காணி உறுதி ஒன்றை நொத்தாரிசு முடிக்கும்போது அஃது ஒரு பிரதியோடு நின்றுவிடுவதில்லை. மூலம் உரியவர் கையிற் சேரும். ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும். மற்றொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். இவ்வழக்கத்தின் அருமையை வன்னி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே பெட்டியும் பத்திரமும் இழந்து மீண்டோர் பலர். பிறிதோரிடத்திற் பிரதி பிழைத்திருந்தவிடத்து அவர்தம் உரிமையை நிறுவுதலும் எளிதாயிற்று. ஒரே ஏடு ஒரே கையில் இருப்பின் அது தொலையவும் கூடும், திருத்தப்படவும் கூடும். பிளொக்செயின் என இக்காலத்தார் வழங்கும் ஏட்டுச் சங்கிலி இவ்வச்சத்தினின்றே பிறந்தது.

அதன் வினைமுறை பலர் எண்ணுமளவு சிக்கலானதன்று. குறிப்புக்கள் பல ஒரு பக்கமாகத் தொகுக்கப்படும். அப்பக்கத்தின் உள்ளடக்கத்தினின்றும் கணிதமுறையால் ஒரு முத்திரை எண் பெறப்படும். ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் முற்றாக வேறுபடும். அடுத்த பக்கம் முந்திய பக்கத்தின் முத்திரை எண்ணைத் தாங்கியே தொடங்கும். ஆதலின் நடுவில் ஒரு பக்கத்தைத் திருத்த முயல்வோன் பின்வந்த பக்கங்கள் அனைத்தையும் திருத்தல் வேண்டும். அதுவும் பலரிடம் உள்ள பிரதிகளிலெல்லாம். ஹேபர், ஸ்டோர்னெற்றா என்னும் அறிஞர் இருவர் 1991இல் இதற்கு வழி வகுத்தனர். 1995 முதல் இத்தகைய முத்திரை எண் வாரந்தோறும் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் அச்சிடப்பட்டு வந்தது. வீடுதோறும் சென்றுவிட்ட பத்திரிகையை யார் திருத்த வல்லார்! எனினும், 2008இல் பிட்கொயின் பற்றிய கட்டுரை வெளிவந்த பின்னரே உலகு இம்முறையைப் பேசலாயிற்று.

இதற்கும் ஆலைப் புகைக்கும் தொடர்பு யாதெனின், அது கணக்கின் வழியே வருவது. வன்னியிற் கைத்தொழில் புதிதன்று. ஆனையிறவு உப்பைக்கொண்டு எரிசோடாவும் குளோரீனும் ஆக்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும், ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் போரினால் ஓய்ந்தன. போரின் பின்னர் வந்தவற்றுள் ஆடைத் தொழிற்சாலைகள் தலையாயன. கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தாரின் விடியல், வானவில் ஆகியனவும், வவுனியாவில் இத்தாலிய கல்செடோனியா குழுமத்தைச் சேர்ந்த ஒமேகா லைன் நிறுவனத்தின் ஆலையும் இளம் பெண்கள் பலருக்கு வேலை கொடுத்தன. இங்கே தைக்கப்படுவன கடல் கடந்து செல்வன. கொள்வோரோ இப்பொழுது துணியின் தரத்தோடு அதன் காபன் கணக்கையும் கேட்கத் தொடங்கிவிட்டனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 யூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், பொருளுக்குப் பொருள் எண்முறைக் கடவுச்சீட்டு ஒன்றை வேண்டுகின்றது. முதலில் நோக்கப்படும் பொருள்களுட் புடைவையும் ஒன்று. கணக்குக் காட்ட இயலாத ஆலை கட்டளையை இழத்தல் கூடும். கட்டளை போயின் வேலையும் போகும்.

காபன் கணக்கை மூன்று கூறாக எழுதுவர். ஆலையின் கொதிகலனும் வாகனமும் விடும் புகை முதலாவது. வாங்கிய மின்சாரத்தின் பொருட்டு வேறிடத்தில் எழுந்த புகை இரண்டாவது. மூலப்பொருள், போக்குவரத்து முதலியவற்றால் வருவது மூன்றாவது. ஆடையைப் பொறுத்தவரை பெரும் பங்கு இம்மூன்றாவதே. நூல் நூற்றல், நெய்தல், சாயமிடல் ஆகியன அயல்நாட்டு ஆலைகளில் நிகழ்வன. தைக்குமிடம் அவர்கள் சொல்வதையே எழுத வேண்டியுள்ளது. ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே கணக்கைப் பகிர்ந்தெழுத வேண்டிய இவ்விடத்திலேதான் ஏட்டுச் சங்கிலிக்கு மெய்யான வேலை இருக்கின்றது. ஒஸ்திரியாவின் லென்சிங் நிறுவனம் தன் மரநார் இழைகள் ஆடையாகும் வரை பின்தொடர இத்தகைய ஏடொன்றைக் கையாள்கின்றது.

சீன உற்பத்தி நிறுவனங்களை ஆராய்ந்த பொருளியலார் சிலர், இம்முறையைக் கைக்கொண்டவற்றிற் காபன் வெளியேற்றம் குறைந்ததெனக் கூறுவர். இம்முடிவை நிதானித்தே கொள்ளல் வேண்டும். புதுமுறைகளை முதலில் ஏற்பன பெரும்பாலும் பொருள்வளம் மிக்க நிறுவனங்கள். புதிய இயந்திரம் வாங்கவும் அவற்றால் இயலும். ஆண்டறிக்கையில் அச்சொல் வருகின்றதா என்பதைக் கொண்டே கைக்கொண்டமையை அளந்த ஆய்வுகளும் உள. மட்டக்களப்பிலுள்ள பிராண்டிக்ஸ் ஆலை 2019இல் உலகின் முதலாவது தேறிய பூச்சியக் காபன் ஆடைத் தொழிற்சாலையெனச் சான்று பெற்றது. அதனை ஆக்கியன மின்சிக்கனமும் சூரியவொளி மின்சாரமுமேயன்றி ஏடன்று.

இனி விறகைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். இடர்ப்பாட்டின் வேர் அங்கேயே உள்ளது. இஸ்திரிக்கு வேண்டும் நீராவிக்கு இந்நாட்டு ஆடை ஆலைகள் பலவும், நெல் அவித்தற்கு அரிசி ஆலைகளும் விறகையோ உமியையோ எரிக்கின்றன. விறகிலிருந்து எழும் காபனீரொட்சைட்டு முற்கூறிய மூன்று கூறுகளிலுஞ் சேராது தனியே குறிக்கப்படும். வெட்டிய மரம் மீளத் தழைத்து அதனை உள்வாங்கும் என்பது கருத்து. வேலியிலும் தோட்டத்திலும் வெட்ட வெட்டத் தழைக்கும் சீமைக்கிளுவைக்கு இது பொருந்தும். காட்டில் ஆண்டாண்டாய் நின்ற பாலைக்கும் வீரைக்கும் பொருந்துமா? அம்மரம் வெட்டுண்டு வேறொன்றும் நடப்படாதவிடத்து அக்காபன் வானத்திலேயே நிற்கும். இரண்டும் லொறியில் வரும்போது துண்டுகளே. வாயிலில் நிற்கும் எழுதுவினைஞர் ‘தோட்ட விறகு’ என ஒருமுறை பதிந்துவிடின், சங்கிலி அப்பொய்யையும் மெய்யைப் போலவே அழியாது காக்கும். ஈரமும் அவ்வாறே. பச்சை விறகின் நிறையிற் பாதியளவு நீராக இருத்தலுமுண்டு. ஈரம் அளவாது நிறையை மட்டும் எழுதின் கணக்குப் பிழைக்கும்.

சங்கிலிதானே மின்சாரத்தை விழுங்குமென்பாரும் உளர். பிட்கொயின் அளவில் அது உண்மை. ஆண்டுக்கு 10,000 கோடி அலகுக்கு மேல் அது கொள்ளுமென மதிப்பிடுவர். இலங்கை முழுவதும் ஓராண்டில் ஆக்கும் மின்சாரத்தைப் போல் அஃது ஏறக்குறைய ஆறு மடங்கு. ஆயின் ஆலைகள் ஆளும் ஏடுகள் அவ்வகையின அல்ல. எதீரியம் என்னும் சங்கிலி 2022 செப்டெம்பரில் முறையை மாற்றித் தன் மின்செலவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் குறைத்துக்கொண்டது. எனவே அக்குற்றச்சாட்டு இங்கே பெரிதன்று.

பெரிது செலவும் ஒப்புரவுமே. மேர்ஸ்க், ஐபிஎம் ஆகிய இரு பெருநிறுவனங்கள் கப்பற் சரக்குக்காக 2018இல் தொடங்கிய ட்ரேட்லென்ஸ் என்னும் சங்கிலி, அத்துறையார் அனைவரும் ஒன்றுசேராமையால் 2022இல் மூடப்படுமென அறிவிக்கப்பட்டது. அவர்க்கே அந்நிலையெனின், நெடுங்கேணியிலோ ஒட்டுசுட்டானிலோ விறகு விற்கும் சிறு தோட்டக்காரரிடம் ஒவ்வொரு சுமையையும் கைபேசியிற் பதியுமாறு கேட்பது எளிதன்று. விலையிற் சிறிது கூட்டிக் கொடுத்தாலன்றி அவர் அவ்வேலையை மேற்கொள்ளார். அக்கூடுதல் விலையைக் கொள்வோர் தருவரோ, ஆலை தருமோ, அன்றித் தையற்காரியின் கூலியிற் பிடிபடுமோ என்பதை எந்த ஏடும் தீர்மானிப்பதில்லை. வாயிலில் ஒரு நிறைகருவி, ஈரமானி ஒன்று, மரம் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரத்தின் இலக்கத்தைக் கேட்டு வாங்கும் அதிகாரமுடைய ஓர் எழுதுவினைஞர் ஆகியன அமைந்த பின்னரே சங்கிலியின் முதற்பக்கத்தைத் தொடங்கலாம்.