முறைவழியாக்கியை மாற்றிய பின் வலுச் சேமிப்பு நின்றுவிடுவது ஏன்?

மாணவர்களே, வன்பொருளையும் பணிசெயல் முறைமையையும் நீங்கள் இரு வேறு அலகுகளாகப் படித்திருப்பீர்கள். அவை ஒன்றையொன்று எவ்வளவு தூரம் நம்பியிருக்கின்றன என்பதைக் காட்ட மடிக்கணினியின் வலுச் சேமிப்பு நல்லதோர் உதாரணமாகும்.

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் ஓடும் கெசல்கமு ஓயாவின் நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகின்றது. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறைக்கு வந்தபோது, மின்சாரம் பிறக்கும் மலையகத்துக்கும் அதில் விலக்கு இருக்கவில்லை. அப்படிப்பட்ட இரவில் பற்றரி இரண்டு மணித்தியாலம் தாங்குமா, மூன்று மணித்தியாலம் தாங்குமா என்பது படிப்பவருக்குச் சிறிய விடயமன்று.

முறைவழியாக்கி செலவிடும் வலு, மீடிறனுக்கும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் நேர்விகித சமமாகும். ஆகவே வேலை குறைந்த நேரத்தில் இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் பெரும் இலாபம் கிடைக்கும். இன்டெல் நிறுவனம் இம்முறையை ஸ்பீட்ஸ்டெப் என்னும் பெயரில் 2000 ஆம் ஆண்டு மடிக்கணினிகளில் அறிமுகப்படுத்தியது. 2003 இல் வெளிவந்த பென்டியம் எம் வகையில் 1.6 கிகா ஹேர்ட்ஸ் முறைவழியாக்கியை எடுத்துக்கொள்வோம். முழு வேகத்தில் அதற்கு 1.484 வோல்ற்று, ஓய்வு வேகமான 600 மெகா ஹேர்ட்ஸில் 0.956 வோல்ற்று.

(0.956 ÷ 1.484)² × (600 ÷ 1600) = ஏறத்தாழ 0.156

முழு வேகத்தில் அதன் வெப்ப வடிவமைப்பு வலு 24.5 வாற்று. எனவே ஓய்வில் 3.8 வாற்று வரவேண்டும். ஆனால் இன்டெல் தந்த பெறுமானம் 6 வாற்று. கணக்குப் பிழையன்று. திரான்சிற்றர்கள் ஆளியிடப்படாத போதும் அவற்றினூடாகச் சிறிது மின்னோட்டம் கசிகின்றது. நமது சமன்பாடு அதைச் சேர்ப்பதில்லை.

இனி, முறைவழியாக்கியை மாற்றும் விடயத்துக்கு வருவோம். 2004 இல் வந்த மலிவான செலரோன் எம், பென்டியம் எம் போன்றே இருக்கும். அதே பொருத்தியில் அமரும். ஆனால் அதில் ஸ்பீட்ஸ்டெப் கிடையாது. கிகா ஹேர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்துப் பென்டியம் எம்மைக் கழற்றி, வேகம் கூடிய செலரோன் எம்மைப் பூட்டுபவர் வலுச் சேமிப்பை முற்றாக இழக்கிறார். எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

செலரோனை எடுத்துப் பென்டியம் எம்மைப் பூட்டினாலும் சிக்கல் வரலாம். எந்த மீடிறனில் எந்த வோல்ற்றளவு என்ற அட்டவணையைப் பணிசெயல் முறைமைக்குக் கொடுப்பது பயோஸ் ஆகும். செலரோனுக்கென்றே எழுதப்பட்ட பயோஸில் அவ்வட்டவணை இல்லாதிருக்கலாம். அப்போது புதிய முறைவழியாக்கி தனக்குள்ள திறமையைப் பயன்படுத்தாமல் ஒரே வேகத்தில் ஓடும். பற்றரி விரைவில் தீரும், விசிறி ஓயாது.

பிழையைத் தேடும்போது முதலில் அளந்து பாருங்கள். சீபீயூ-இசட் போன்ற மென்பொருளில் பெருக்கி என்ற எண்ணைக் கவனியுங்கள். மேற்கூறிய முறைவழியாக்கியில் அடிப்படை மீடிறன் 100 மெகா ஹேர்ட்ஸ். எனவே முழு வேகத்தில் 16, ஓய்வில் 6 எனக் காட்டவேண்டும். பின்னணியில் வைரசு எதிர்ப்பு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் 16 இலேயே நிற்கும், அது பிழையன்று. மாறாக, கடும் வேலை செய்யும்போது வேகம் குறைந்தால் அது சேமிப்பு அன்று, சூடேறியதற்கான அறிகுறி. வெப்பத்தகடு சரியாக அமரவில்லை, அல்லது வெப்பப் பசை பூசப்படவில்லை எனக் கொள்க.

அடுத்து, செலவில்லாத சோதனை. விண்டோஸ் எக்ஸ்பியில் வீடு/அலுவலக மேசை என்ற வலுத்திட்டம், மின்னேற்றி இணைந்திருக்கும்போது முழு வேகத்தையே வைத்திருக்கும். மடிக்கணினிக்குரிய திட்டத்தைத் தெரிவு செய்தால் போதும். பிற்கால விண்டோஸில் முறைவழியாக்கியின் இழிவு நிலை 100 வீதமாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

அதிலும் தீராவிடில் பயோஸ் அமைப்பில் ஸ்பீட்ஸ்டெப் நிறுத்தப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். இறுதி வழி பயோஸைப் புதுப்பித்தல். இங்கே எச்சரிக்கை தேவை. புதுப்பிக்கும் நடுவில் மின் நின்றால் தாய்ப்பலகையே பயனற்றுப் போகலாம். ஏப்ரலிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மலைநாட்டில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் இதைக் காலையில், பற்றரி நிறைந்திருக்க, மின்னேற்றியையும் இணைத்துச் செய்வதே நல்லது. தயாரிப்பாளர் புதிய பயோஸ் வெளியிடாத மாதிரிகளில், ஆர்எம்கிளாக் என்ற சிறு மென்பொருள் அட்டவணையின் வேலையைத் தானே செய்தது.

2015 இல் வந்த ஐந்தாம் தலைமுறை முதல் இன்டெலின் மடிக்கணினி முறைவழியாக்கிகள் தாய்ப்பலகையிலேயே பற்றாசு வைக்கப்படுகின்றன. அவற்றைக் கழற்றி மாற்ற முயலவேண்டாம். அளவிடும் முறையும் வலுத்திட்டச் சோதனையும் அவற்றுக்கும் பொருந்தும்.

பயிற்சி

1. 2.0 கிகா ஹேர்ட்ஸ், 1.2 வோல்ற்றில் 20 வாற்று செலவிடும் முறைவழியாக்கி, 1.0 கிகா ஹேர்ட்ஸ், 0.9 வோல்ற்றில் எவ்வளவு செலவிடும்? கசிவைப் புறக்கணிக்க.

2. எக்ஸ்பி உள்ள மடிக்கணினி ஒன்றில் பெருக்கி எப்போதும் 16. மின்னேற்றியைக் கழற்றியதும் 6 ஆகிறது. பிழை எங்கே?

விடை: 1. ஏறத்தாழ 5.6 வாற்று. 2. வலுத்திட்டத்தில். பெருக்கி 6 ஆக இறங்குவதால் முறைவழியாக்கியும் பயோஸ் அட்டவணையும் சரியாகவே உள்ளன.